கியர் விழவில்லை என்றால் முதலில் எங்கே பார்ப்பது? முல்லைத்தீவுக் கரையிலிருந்து சில எஞ்சின் குறிப்புகள்

மே மாதம் சோளகம் எழும்பிவிட்டால் முல்லைத்தீவுக் கடல் கரையிலிருந்து பார்க்கக் குளம் மாதிரிக் கிடக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் தொழிலுக்கு இதுதான் பாதுகாப்பான காலம் என்று நினைப்பார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை கதை வேறு. எங்கள் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து காட்டையும் வயலையும் தாண்டி வந்து, முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலப் படகைக் கரையை விட்டு வெளியே தள்ளும். எஞ்சின் ஓடும்வரை அது தெரியாது. நின்ற பிறகுதான் கரை சிறுத்துக்கொண்டு போவது கண்ணில் படும். அதற்கு அப்பால் இருப்பது வங்காள விரிகுடா.

வாடைக் காலத்தில் இது தலைகீழ். காற்றுக் கரையை நோக்கி அடிக்கும், நீரோட்டம் தெற்கே இழுக்கும், கரையில் அலை உடையும். 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த படகொன்றிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் மீட்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கே அப்படி இன்னொரு படகு வந்தது. இரண்டும் டிசம்பர் மாதம் என்பதைக் கவனியுங்கள். வாடைக் கடல் அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கரையை நோக்கி இழுக்கும். ஆறு மாதம் கழித்து அதே கடல் எங்கள் படகுகளை எதிர்ப் பக்கம் தள்ளக் காத்திருக்கும். ஆகவே எஞ்சின் பழுதைப் பற்றி நான் எழுதும்போது கராச் ஒன்றில் ஆறுதலாக இருந்து செய்யும் வேலையை மனதில் வைத்து எழுதவில்லை. படகில் இரண்டு பேர், கையில் ஒரு பிளக் சாவி, அரை மணித்தியால வெளிச்சம் என்ற நிலைமையை வைத்து எழுதுகிறேன்.

இந்தக் கரையில் நான் பதினைந்து வருடங்களாக மோட்டர் திருத்துகிறேன். திணைக்களக் கடிதங்களில் வெளியிணைப்பு இயந்திரம் என்று வரும். எங்களுக்கு மோட்டர் அல்லது எஞ்சின், அவ்வளவுதான். கொக்கிளாய், நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை, கள்ளப்பாடு, மாத்தளன் என்று எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலும் ஒரே வகைதான்: ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டிய 8, 15, 25 அல்லது 40 குதிரைவலு இரு வீச்சு எஞ்சின், பக்கத்தில் ஒரு கியர் நெம்பு. இவற்றின் வரலாறும் இந்த மண்ணின் வரலாறு மாதிரித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்தவை, 2009 இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் விட்டுவிட்டு வந்தவை, மீள்குடியேறிய பிறகு பழைய இரும்புக்குள் தேடி எடுத்து மூன்று எஞ்சினை ஒன்றாக்கியவை. ஒரு எஞ்சினின் தலையும் இன்னொன்றின் காலும் சேர்ந்திருப்பது இங்கே சாதாரணம். கியர் பிரச்சினைகளில் ஒரு பங்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

"கியர் போய்ட்டுது அண்ணை" என்று சொல்லிக்கொண்டுதான் பலர் வருவார்கள். திறந்து பார்த்தால் கியர் பெட்டி நன்றாக இருக்கும். பழுது அதற்கு வெளியே, மலிவான ஒரு பொருளில் இருக்கும். இதை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் தண்டின் அடியில் ஒரு சிறிய பற்சில்லு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது ஒரே திசையில் சுழலும். அதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பெரிய பற்சில்லுகள் எப்போதும் அதோடு கடித்தபடி, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில், விசிறித் தண்டின் மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு உண்டு. கிளட்ச் டோக் என்பார்கள். அது விசிறித் தண்டோடு சேர்ந்து சுழலும், அதன் மேல் முன்னும் பின்னும் வழுக்கும். நெம்பைத் தள்ளினால் கியர் கம்பி அதை ஒரு பக்கம் தள்ளும். அதன் பற்கள் முன் பற்சில்லின் பற்களோடு மாட்டினால் படகு முன்னே போகும், பின் பற்சில்லோடு மாட்டினால் றிவேஸ், நடுவில் நின்றால் நியூட்ரல்.

இதில் காரில் உள்ளது போல மிதிக்கும் கிளட்ச் இல்லை, உராய்ந்து மெதுவாகப் பிடிக்கும் தட்டும் இல்லை. இரும்பு மூலை இரும்பு மூலையில் மாட்டுகிறது. அதனால்தான் "மெல்லமாப் போடு" என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. எஞ்சின் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் நெம்பை ஒரே வீச்சில், தயங்காமல் போட வேண்டும். ஒரு "டக்" சத்தம் வரும், அது சரியான சத்தம். தயங்கித் தயங்கிப் போட்டால் "கிர்ர்" என்று அரைக்கும். ஒவ்வொரு அரைப்பிலும் அந்த மூலைகள் கொஞ்சம் உருளும். உருண்ட மூலை பாரம் ஏறும்போது நழுவும். கரைவழியில் அலைக்கு முன்னால் படகைத் திருப்ப வேண்டிய நேரத்தில் கியர் தானாகக் கழன்று எஞ்சின் அலறுவது இப்படித்தான்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

எஞ்சின் ஓடுகிறது, நெம்பு முன்னுக்குப் போகிறது, எஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை. அதிகம் வரும் முறைப்பாடு இது. முதலில் எஞ்சினை நிறுத்தித் தூக்கி விசிறியைப் பாருங்கள். வலைத் துண்டு, பொலித்தீன், கடற்பாசி சுற்றியிருந்தால் விசிறி நீரைப் பிடிக்காது. அது இல்லையென்றால் பிளக் மூடிகளைக் கழற்றிவிட்டு (இதைச் செய்யாமல் விசிறியில் கை வைக்கக் கூடாது, சூடான எஞ்சின் ஒரு சுற்றிலேயே பற்றும்) நெம்பை முன் கியரில் போட்டு விசிறியைக் கையால் சுழற்றுங்கள். நியூட்ரலில் இரு பக்கமும் இலகுவாகச் சுழல வேண்டும். முன் கியரில் ஒரு பக்கம் இறுகப் பிடிக்க வேண்டும். மறுபக்கம் "டக் டக்" என்று வழுக்கிச் சுழல்வது பல எஞ்சின்களின் இயல்பு, பழுது அல்ல. றிவேஸிலும் பிடிக்க வேண்டும்.

பிடிக்கிறது, ஆனால் கடலில் ஓடவில்லை என்றால் கியர் பெட்டியை மறந்துவிடுங்கள். பழுது விசிறியின் நடுவில். பெரிய எஞ்சின்களில் விசிறிக்கும் அதன் உட்குழாய்க்கும் இடையே ஒரு றப்பர் புஷ் இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லிலோ மணலிலோ அடிபட்டால் பற்சில்லு உடையாமல் அந்த றப்பர் வழுக்கட்டும் என்பதற்காக. பழைய சிறிய எஞ்சின்களில் அதே வேலையைச் செய்வது சியர் பின் என்ற மெல்லிய ஊசி. ஊசி முறிந்தால் படகு அறவே ஓடாது. றப்பர் வழுக்கினால் மெதுவாகப் போகும்போது ஓடும், வேகம் கொடுத்தவுடன் எஞ்சின் மட்டும் அலறும். சந்தேகமா? விசிறியின் வெளிப்பகுதியிலும் நடுக் குழாயிலும் சேர்ந்து படும்படி பெயின்றால் ஒரு கோடு கீறுங்கள். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் றப்பர் போய்விட்டது. கியர் பெட்டியைக் கழற்றச் சொல்லும் எவரிடமும் முதலில் இந்தக் கோட்டைக் காட்டலாம்.

கடலில் றப்பர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து அப்படியே கரைக்கு வந்துவிடலாம். சியர் பின் முறிந்து மாற்று ஊசி இல்லாதபோது ஆணியை வெட்டிப் போட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். உயிருக்கு அது சரி. ஆனால் கரை சேர்ந்ததும் அதைக் கழற்றி எறிய வேண்டும். கடினமான ஆணி அடுத்த முறை முறியாது. அதற்குப் பதிலாக உள்ளே பற்சில்லு முறியும்.

கையால் சுழற்றிப் பார்த்தபோது முன் கியரிலும் பிடிக்கவில்லை என்றால் கம்பியைத் தேடுங்கள். நெம்பிலிருந்து வரும் மேல் கம்பியும் கியர் பெட்டிக்குள் போகும் கீழ்க் கம்பியும் ஓரிடத்தில் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டு தளர்ந்தாலோ உப்பில் அரித்தாலோ நெம்பு மட்டும் ஆடும். "இம்பெல்லர் மாத்தின நாளிலயிருந்து றிவேஸ் இல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் வேறெங்கும் பார்ப்பதில்லை. இம்பெல்லர் மாற்றக் கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும், அதற்குக் கம்பியைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது மேலே நெம்பும் கீழே கியரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். நெம்பு நியூட்ரலில், கியர் அரைகுறையாக முன் பக்கம் என்று பூட்டினால் ஒரு பக்கம் ஆழமாக மாட்டும், மறுபக்கம் நுனியில் மட்டும் மாட்டும். நுனியில் மாட்டும் கியர் சில வாரங்கள் ஓடும், பிறகு மூலை உருண்டு கழலத் தொடங்கும். இரண்டு எஞ்சினின் பாகங்களைச் சேர்த்த இடங்களில் கம்பியின் நீளமே சரியில்லாமல் இருக்கும். அங்கே எவ்வளவு சரிப்படுத்தினாலும் ஒரு பக்கம் குறையும்.

கியர் தானாகக் கழல்கிறது என்றாலும் இதே வரிசைதான். முதலில் கம்பி முழுத் தூரம் போகிறதா என்று பார்த்துச் சரி செய்யுங்கள். பிறகும் கழன்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் டோக்கையும் அது மாட்டும் பற்சில்லையும் சேர்த்து மாற்றுங்கள். புது டோக்கைப் பழைய உருண்ட பற்சில்லோடு போட்டால் காசு கடலுக்குள் போட்ட மாதிரி.

கியர் போடவே கடினமாக இருந்தால் உப்பும் துருவும்தான் முதல் சந்தேகம், அதிக வெறும் வேகம் இரண்டாவது. நியூட்ரலில் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் எந்தக் கியரும் அரைக்கும். பலர் எஞ்சின் நின்றுவிடக்கூடாது என்று வெறும் வேகத்தைத் திருகி ஏற்றி வைத்திருப்பார்கள். உண்மையான குறை காபரேற்றரில் இருக்கும், தண்டனை கியருக்குக் கிடைக்கும். கியர் கழற்ற முடியாமல் இறுகிவிட்டால் நெம்போடு மல்லுக்கட்ட வேண்டாம். நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள், பாரம் விட்டதும் நெம்பு வந்துவிடும்.

இன்னும் இரண்டு சின்ன விடயங்கள், இரண்டும் பழுதே அல்ல. கயிறு இழுபடவில்லை, எஞ்சின் இறுகிவிட்டது என்று பதறுபவர்கள் முதலில் நெம்பைப் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது கயிறு இழுபடாதபடி ஒரு பூட்டு உண்டு. மற்றது, றிவேஸ் போட்டதும் எஞ்சின் துள்ளி மேலே எழும்புவது. கரையேறும்போது மணலில் தட்டினால் எழும்பட்டும் என்று சாய்வுப் பூட்டை விடுவித்து வைத்திருப்போம். அதே நிலையில் றிவேஸ் போட்டால் விசிறி தன்னைத்தானே தண்ணீரை விட்டு வெளியே இழுக்கும்.

கியர் பெட்டியைக் கொல்வது எது என்று என்னைக் கேட்டால் கல்லையோ மணலையோ சொல்ல மாட்டேன். தங்கூசியைச் சொல்வேன். அறுந்த தங்கூசி விசிறியில் சுற்றி, மெல்ல மெல்ல விசிறிக்குப் பின்னால் தண்டுக்குள் நுழையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே ஒயில் சீல் இருக்கிறது. சுழலும் தண்டில் சுற்றிய தங்கூசி அந்த றப்பர் உதட்டைச் சூடாக்கி வெட்டும். ஒயில் வெளியே போகும், உப்புத் தண்ணீர் உள்ளே வரும். படகு வழமை போல ஓடும். இரண்டு மாதம் கழித்து பெயாரிங் துருவேறிக் கியர் பெட்டி கத்தத் தொடங்கும்போதுதான் தெரியவரும். வாரம் ஒரு தடவை கொட்டர் பின்னைக் கழற்றி, விசிறியை எடுத்துப் பின்னால் பார்க்கக் கால் மணித்தியாலம் போதும்.

மாதத்துக்கு ஒருமுறை கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்திச் சில துளி கியர் ஒயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்றும்வரை கடலுக்குப் போக வேண்டாம். கறுத்துத் தீய்ந்த மணம் என்றால் ஒயில் பழசு. விரலில் மினுமினுக்கும் தூள் பட்டால் பற்சில்லு தேய்கிறது. புது ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி மேல் துவாரத்தால் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலால் ஊற்றினால் காற்று அடைபட்டுப் பாதிதான் நிரம்பும். எஞ்சின் ஒயிலை அங்கே ஊற்றுவது ஒயில் இல்லாமல் ஓடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

எரிபொருள் பக்கம் வருவோம். எங்கள் எஞ்சின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. 20 லீற்றர் எரிக்கும் ஒரு ஓட்டத்துக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவானது. அன்றிலிருந்து நான் காணும் பழுதுகளின் தன்மை மாறியது. பெற்றோலை மிச்சம் பிடிக்கச் சூடேறும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, நிறுத்தும்போது பெற்றோலுக்கு மாற்றாமல் விடுவது, இரு வீச்சு ஒயிலைக் குறைப்பது. மிச்சம் பிடிப்பவரை நான் குறை சொல்லவில்லை, விலை அப்படி. ஆனால் கணக்குத் திரும்பி வரும். காபரேற்றருக்குள் நின்ற மண்ணெண்ணெய் அடுத்த நாள் காலை எஞ்சினைப் பற்ற விடாது, பிளக்கை ஈரமாக்கும். ஒயில் குறைந்த எஞ்சின் பிஸ்ரனோடு சிலிண்டரைக் கீறும். ஒயில் விகிதத்தைக் கண்மதிப்பில் போடாதீர்கள். பெற்றோலில் 50 இற்கு 1 என்பது பரவலான அளவு, மண்ணெண்ணெய்க்கும் புது எஞ்சினுக்கும் அதைவிடக் கூட ஒயில் வேண்டும். சரியான எண் எஞ்சினோடு வந்த கையேட்டில் இருக்கிறது.

கடலில் எஞ்சின் நின்றால் எரிபொருளில் தொடங்கி மேலே போங்கள். ஓடி ஓடிச் சில நிமிடத்தில் இழுத்து நின்றதா? தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் தாங்கி உறிஞ்சி இறுகும், குழாயிலுள்ள றப்பர் உருண்டை சப்பையாகிக் கிடக்கும். உருண்டையைக் கையால் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை எஞ்சின் நன்றாக ஓடி, விட்டதும் சாகிறதா? எரிபொருள் பம்பின் மென்தகடு கிழிந்திருக்கிறது. ஒருவர் அமுக்க ஒருவர் ஓட்ட, அப்படியே கரைக்கு வரலாம். அமுக்க அமுக்க உருண்டை இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று உள்ளே இழுபடுகிறது, குழாயின் பூட்டு முனைகளைப் பாருங்கள். தண்ணீர் கலந்த சந்தேகம் இருந்தால் தெளிவான பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் எடுத்து ஐந்து பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

பிளக் சொல்லும் செய்தி நேரடியானது. பலமுறை கயிறு இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. ஈரமாக இருந்தால் எரிபொருள் வருகிறது, பொறி இல்லை அல்லது வெள்ளமாகிவிட்டது. பிளக்கைத் துடைத்து, துவாரம் திறந்தபடியே நான்கைந்து தடவை இழுத்து உள்ளே நிற்பதை வெளியேற்றி, புது பிளக் போட்டுப் பெற்றோலில் பற்ற வைத்துப் பாருங்கள். பொறியே இல்லையென்றால் நிறுத்தும் பொத்தானின் கயிற்றுச் சாவி கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மின் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். பலம் குறைந்து ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடுவதுபோல இருந்தால், கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். வேலை செய்யாத பக்கத்துப் பிளக் ஈரமாகவும் மற்றதைவிடக் குளிர்ந்தும் இருக்கும். ஓடும்போது பிளக் மூடியை இழுத்துப் பார்க்கும் பழைய வித்தை ஆளுக்கும் நல்லதல்ல, பொறி தரும் மின்பெட்டிக்கும் நல்லதல்ல.

குளிர்விக்கும் தண்ணீர்தான் கிழக்குக் கரையின் தனிப் பிரச்சினை. படகை மணலிலிருந்து தள்ளி இறக்குகிறோம், மணலிலேயே ஏற்றுகிறோம். முழங்கால் தண்ணீரில், அலை மணலைக் கலக்கும் இடத்தில் எஞ்சினைத் தொடங்குகிறோம். அந்த மணல் நீர்த் துவாரத்தால் உள்ளே போய் இம்பெல்லரைத் தேய்க்கிறது. எஞ்சின் பின்னால் பீச்சும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மெலிந்தால் முதலில் அந்தத் துவாரத்துக்குள்ளேயே மெல்லிய கம்பியை விட்டுக் கிண்டுங்கள், பல நேரம் அடைப்பு அங்கேதான். பிறகு நீர் உள்ளே போகும் சல்லடையைப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் இம்பெல்லர். அதன் இதழ் ஒன்று உடைந்திருந்தால் புதிதைப் போட்டால் மட்டும் போதாது. உடைந்த துண்டு மேலே போகும் குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டு நிற்கும், அதைத் தேடி எடுக்காவிட்டால் புது இம்பெல்லரோடும் எஞ்சின் சூடேறும். கரையில் தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒருக்கா" தொடங்கிப் பார்ப்பது இம்பெல்லரை எரிக்கும். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் ஓட விடுங்கள். தொழில் முடிந்து வந்தும் அதே பீப்பாயில் பத்து நிமிடம் ஓடவிட்டால் உப்பும் கழுவுப்படும்.

மேற்குக் கரையில் பழுதுகளின் முகம் வேறு. இரணைமாதாநகர், நாச்சிக்குடாப் பக்கம் கடல் ஆழம் குறைந்தது, அடியில் கடற்புல். 1992 இல் வெளியேற்றப்பட்ட இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாங்களாகவே படகேறித் தீவுக்குத் திரும்பினார்கள். அந்தக் கடலில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எல்லாவற்றுக்கும் படகுதான் பாதை. அங்கே அதிகம் காண்பது புல் சுற்றிய விசிறி, புல் அடைத்த நீர்த் துவாரம், அறுந்த வலை. இழுவைப் படகுகள் அறுத்துவிட்ட வலைத் துண்டுகள் மிதப்பதும் அதில் சேரும். அடியிழுவையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது, ஆனால் விசிறியில் சுற்றும் வலை சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. வலை சுற்றினால் றிவேஸ் போட்டுக் கழற்றப் பார்க்காதீர்கள். அது இறுகும், சீலை வெட்டும். எஞ்சினை நிறுத்தி, தூக்கி, கத்தியால் வெட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிமார் சிலர் நந்திக்கடலைப் பார்த்துவிட்டு, இந்த ஆழத்துக்கு ஜெற் படகுதானே சரி, விசிறியும் இல்லை, கியரும் இல்லை என்பார்கள். பாதி உண்மை. நியூசிலாந்தின் ஆழமில்லாத கல் ஆறுகளுக்காக வில்லியம் ஹமில்ரன் 1950களில் அதை வளர்த்தெடுத்தார். 1960 இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் எதிர்நீச்சலாகவே ஏறின. படகின் அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சும், பின்னே போக ஒரு வாளி போன்ற மூடி இறங்கி அந்தப் பீச்சலை முன்னுக்குத் திருப்பும். கியர் கழலாது, உண்மை. ஆனால் உறிஞ்சும் பொறிக்குக் கல்லைவிட மணலும் புல்லும் பெரிய எதிரி. உள்ளே சுழலும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடையே நூலளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். மணல் தேய்த்து அது அகன்றால், அல்லது புல் அடைத்தால், எஞ்சின் அலறும், படகு நகராது. அதே முறைப்பாடுதான், உதிரிப்பாகம் மட்டும் எங்கள் ஊரில் கிடைக்காது.

படகில் என்ன வைத்திருப்பது என்பதை நீட்டத் தேவையில்லை. இரண்டு பிளக், அதன் சாவி, குறடு, திருகாணிச் சாவி, கொட்டர் பின்னும் சியர் பின்னும், தொடக்கும் கயிறு ஒன்று, மெல்லிய கம்பி, கத்தி, ஒரு போத்தல் சுத்தமான பெற்றோல். எல்லாம் மூடி இறுகும் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள். இவற்றைவிட முக்கியமானது நங்கூரமும் நீளமான கயிறும். சோளகத்தில் எஞ்சின் நின்றால் மூடியைக் கழற்றும் முன் நங்கூரத்தைப் போடுங்கள். பழுதைத் தேடும் அரை மணித்தியாலத்தில் படகு எங்கே போயிருக்கும் என்ற கவலை அப்போது இருக்காது. ஆழம் அதிகமாகி நங்கூரம் பிடிக்காத இடத்தில், வாளியையோ வலைக்கட்டையோ கயிற்றில் கட்டி முன்னணியத்தால் தண்ணீரில் இழுபட விட்டாலும் படகு ஓடும் வேகம் குறையும், மூக்கும் காற்றைப் பார்த்து நிற்கும்.

கடைசியாக, வாடைக் காலத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி: அலையில் படகு கவிழ்ந்து எஞ்சின் கடலுக்குள் போனால்? எடுத்தவுடன் கயிற்றை இழுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் உள்ளே தண்ணீர் அமுக்கிக் கம்பியை வளைத்திருக்கக்கூடும், மணலும் போயிருக்கும். நல்ல தண்ணீரால் வெளியும் உள்ளும் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, பிளக் துவாரம் கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சரித்துத் தண்ணீரை வடிய விடுங்கள். மெதுவாக, கையால் சுழற்றுங்கள். எங்காவது கரகரத்தால் அதோடு நிறுத்தித் திருத்துபவரிடம் கொண்டு போங்கள். இலகுவாகச் சுழன்றால் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, பிளக் துவாரத்தால் கொஞ்சம் இரு வீச்சு ஒயில் விட்டு, புது எரிபொருளும் புது பிளக்கும் போட்டு அன்றைக்கே பீப்பாய்த் தண்ணீரில் ஒரு மணித்தியாலமாவது ஓட விடுங்கள். அன்றைக்கே செய்ய வழியில்லையா, வெயிலில் காய வைக்காதீர்கள். காற்றுப் பட்ட உப்பு இரவோடிரவாகப் பெயாரிங்கைத் தின்னும். எஞ்சினை முழுதாக நல்ல தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமுக்கி வைத்துவிட்டு, திருத்துபவர் வரும்வரை வெளியே எடுக்காமல் விடுங்கள்.